கமெராவும் கருவூலமும்: ஐக்கிய அமெரிக்காவின் வீதிக் குற்றப்பணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வீதிச் சந்தியில் நிறுத்தப்பட்டிருக்கும் கமெரா எவரையும் முகம் பார்த்துப் பிடிப்பதில்லை என்பதே அதற்குச் சார்பாக எடுத்துரைக்கப்படும் முதல் வாதமாகும். பொலிஸ்காரர் ஒருவர் தமக்கு வேண்டியவரைப் போகவிடலாம், வேண்டாதவரை மறிக்கலாம், கையூட்டும் பெறலாம். இயந்திரத்துக்கோ உறவும் இல்லை, பகையும் இல்லை. சிவப்பு விளக்கைக் கடந்த வாகனத்தின் இலக்கத் தகட்டை அது படம் பிடிக்கின்றது. உரிமையாளரின் வீட்டுக்குக் குற்றச்சீட்டுத் தபாலிற் செல்கின்றது. இவ்வாதம் எளிதில் ஒதுக்கிவிடத்தக்கதன்று. எனினும், நீதி என்பது குற்றத்தைக் கண்டுபிடிக்கும் கணத்தோடு முடிந்துவிடுவதில்லை. குற்றப்பணம் எவருடைய பெட்டியிற் சென்று விழுகின்றது, அதனை விதிப்பவருக்கும் அப்பெட்டிக்கும் உள்ள தொடர்பு யாது, செலுத்த இயலாதவனுக்கு என்ன நேர்கின்றது ஆகிய வினாக்கள், கமெரா பரவுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஐக்கிய அமெரிக்க நீதிமன்றங்களில் எழுந்தவை. அவற்றுக்குக் கிடைத்த விடைகளை மறந்தே அங்கு பல நகரங்களில் கமெராக்கள் நாட்டப்பட்டன.

மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், ஒகையோ மாநிலத்துச் சிற்றூர்களின் மேயர்கள் தாமே நீதவான்களாகவும் அமர்ந்து வழக்கு விசாரித்தனர். நோர்த் கொலிஜ் ஹில் என்னும் ஊரில், மது வைத்திருந்த குற்றத்துக்காக ஒருவருக்கு 100 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. எதிரி குற்றவாளியெனக் காணப்பட்டால் மாத்திரமே மேயருக்கு வழக்குச் செலவென்ற பெயரில் 12 டொலர் கிடைக்கும். விடுதலை செய்தால் ஒன்றுமில்லை. தண்டத்தில் ஒரு பங்கு ஊருக்கும் சேரும். 1927ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், முன்னாள் ஜனாதிபதியும் அப்பொழுது பிரதம நீதியரசராக இருந்தவருமான வில்லியம் ராப்ற் எழுதிய ஒருமனதான தீர்ப்பில், தீர்ப்பின் பயனைத் தானே நுகரும் ஒருவர் நீதிபதியாக அமர்தல் அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் கூறியது.

பன்னிரண்டு டொலர் தமது சட்டைப்பைக்குச் செல்லாதவிடத்து என்ன செய்வது என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கு விடை 1972இல் வந்தது. அதே மாநிலத்தில் மொன்றோவில் என்னும் ஊரில், இரு போக்குவரத்துக் குற்றங்களுக்காக மேயர் ஒருவருக்குத் தலா 50 டொலர் தண்டம் விதித்தார். மேயருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. ஆனால், அவ்வூரின் 1964ஆம் ஆண்டு வருவாயில் ஏறத்தாழ அரைப்பங்கு அம்மன்று விதித்த தண்டங்களாலும் கட்டணங்களாலும் வந்தது. ஊரின் நிதிக்குப் பொறுப்பானவர் அந்நிதியை நிரப்பும் வழக்குகளை விசாரிக்கலாகாது என்றது உயர் நீதிமன்றம். இத்தீர்ப்பு முன்னையதிலும் ஆழமானது. தனிமனிதனின் பேராசையை மட்டுமன்றி, வெறுமையாகக் கிடக்கும் கருவூலமொன்று ஒரு நேர்மையான மனிதனிடத்திற்கூட ஏற்படுத்தக்கூடிய நெருக்கடியையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

இதற்கு முந்திய ஆண்டில், 1971இல், ரெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்ரன் நகரிலிருந்து வேறொரு வழக்கு வந்திருந்தது. ஒன்பது போக்குவரத்துக் குற்றங்களுக்காக மொத்தம் 425 டொலர் செலுத்தவேண்டிய ஏழை ஒருவரிடம் பணமில்லை. நாளொன்றுக்கு 5 டொலர் என்ற கணக்கில் 85 நாள் சிறையிருக்குமாறு அவர் அனுப்பப்பட்டார். தண்டத்தை மட்டுமே தண்டனையாக வகுத்த சட்டம், பணமில்லாதவனுக்கு மாத்திரம் சிறையாக மாறுவது சமத்துவத்துக்கு மாறானது என அங்கு தீர்க்கப்பட்டது. செலுத்தும் ஆற்றல் உண்டா என்பதை ஆராயாமற் சிறையிலிடலாகாது என 1983இல் ஜோர்ஜியா மாநில வழக்கொன்றில் மேலும் வலியுறுத்தப்பட்டது. ஆக, கொள்கையளவில் வழி தெளிவாகவே இருந்தது. நடைமுறையில் நிகழ்ந்ததை மிசூரி மாநிலத்திற் காணலாம்.

சென்ற் லூயிஸ் நகரம் 1876ஆம் ஆண்டு வாக்கெடுப்பின்படி தன்னைச் சூழ்ந்த மாவட்டத்திலிருந்து பிரிந்துகொண்டது. எஞ்சிய மாவட்டம் காலப்போக்கில் ஏறத்தாழத் தொண்ணூறு சிறு நகரசபைகளாகக் கூறுபட்டது. அவற்றுட் பெரும்பாலானவை தத்தமக்கெனப் பொலிஸ் பிரிவையும் நீதிமன்றையும் வைத்திருந்தன. நிலவரியாலும் விற்பனை வரியாலும் இவற்றைக் கொண்டு நடத்தப் போதிய வருவாய் இல்லாத ஊர்களுக்கு, வீதியிற் செல்லும் வாகனமே வரி மூலமாயிற்று. மாவட்டத்துக்கு வெளியேயும் இதே நிலை காணப்பட்டது. ஓசாக் ஏரிப் பகுதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரத்தில் மக்ஸ் கிறீக் என்னும் குக்கிராமம் வேகக் குற்றச்சீட்டுகளாலேயே வாழ்ந்து வந்தது. இதனைக் கட்டுப்படுத்த 1995இல் மாநிலச் சட்டசபை இயற்றிய சட்டம் அக்கிராமத்தின் பெயராலேயே வழங்கலாயிற்று. போக்குவரத்துக் குற்றப்பணம் ஊர் வருவாயில் 45 சதவீதத்தைத் தாண்டலாகாது. தாண்டியது பாடசாலைகளுக்குச் சேரவேண்டும் என்பது அதன் சாரம். நூற்றுக்கு 45 என்பது கட்டுப்பாடா அனுமதியா என்பது ஐயத்துக்குரியது. அவ்வளவையும் தாங்க இயலாத மக்ஸ் கிறீக் பின்னர் வங்குரோத்தடைந்து, 2012இல் ஊர்ச்சபையையே கலைத்துவிட்டது.

பேர்கசன் என்னும் நகரின் பெயர் உலகறிய நேர்ந்தது 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி, மைக்கல் பிறவுண் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞன் பொலிஸ் அதிகாரியொருவராற் சுட்டுக்கொல்லப்பட்டதனால் ஆகும். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களம் வெளியிட்ட அறிக்கை துப்பாக்கியை விடக் கணக்கேட்டையே கூடுதலாக ஆராய்ந்தது. சுமார் 21,000 மக்கள் வாழும் அந்நகரில் 2010ஆம் நிதியாண்டில் 11.07 மில்லியன் டொலர் வருவாயில் 1.38 மில்லியன் தண்டங்களாலும் கட்டணங்களாலும் வந்தது. 2015ஆம் நிதியாண்டுக்கான மதிப்பீட்டில் அது 13.26 மில்லியனில் 3.09 மில்லியனாக உயர்ந்திருந்தது. எட்டிலொரு பங்காக இருந்தது ஏறத்தாழ நாலிலொரு பங்காயிற்று. குற்றங்கள் இத்தனை நடக்கும் என முன்கூட்டியே வரவு செலவுத் திட்டத்தில் எழுதிவைக்கும் நகரசபை, அவை குறைய வேண்டுமென உண்மையில் விரும்புமா? குற்றச்சீட்டுகள் கூடாவிடின் அடுத்த ஆண்டு வசூல் உயராது என நிதிப் பணிப்பாளர் பொலிஸ் தலைவருக்கு எழுதியமையும் அவ்வறிக்கையில் இடம்பெற்றுள்ளது. நீதிமன்ற ஊழியர் பொலிஸ் தலைவரின் மேற்பார்வையிலேயே பணியாற்றினர். மொன்றோவில் வழக்கில் தடுக்கப்பட்டது வேறு உருவத்தில் மீண்டும் வந்து அமர்ந்துகொண்டது.

மக்கட்டொகையில் 67 சதவீதமான கறுப்பினத்தவர், 2012 முதல் 2014 வரையான காலத்தில் மறிக்கப்பட்ட வாகனங்களில் 85 சதவீதத்துக்கும் வழங்கப்பட்ட குற்றச்சீட்டுகளில் 90 சதவீதத்துக்கும் உரியவராயினர். எண்களிலும் பார்க்க ஒரு பெண்ணின் கதை இதனை நன்கு விளக்கும். 2007இல் வாகனத்தைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காக அவருக்கு 151 டொலரும் கட்டணமும் விதிக்கப்பட்டன. அக்காலத்தில் அவர் இடையிடையே வீடின்றி வாழ்ந்தவர். மன்றுக்கு வராமை, பணம் செலுத்தத் தவறியமை என ஏழு புதிய குற்றங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் பிடியாணையையும் புதிய தண்டத்தையும் கொணர்ந்தது. இருமுறை கைதாகி ஆறு நாள் சிறையிலிருந்தார். அவர் 25 டொலரும் 50 டொலருமாகச் செலுத்த முன்வந்தபோது, முழுத்தொகையும் வேண்டுமென மன்று திருப்பி அனுப்பியது. 2014 டிசெம்பருக்குள் 550 டொலர் செலுத்திவிட்டிருந்தார். இன்னும் 541 டொலர் கடன் நின்றது.

இத்தகைய சூழலில் கமெராவை நோக்கினால், மறித்து நிற்கும் பொலிஸ்காரரின் பாரபட்சத்துக்கு அது மருந்தெனவே தோன்றும். உயிர்காப்புக் கருவி என்ற நிலையிலும் அதன் பயனை மறுத்தல் இயலாது. ஏழு ஆட்சிப் பகுதிகளில் 132 சந்திகளை ஆராய்ந்து அமெரிக்க நெடுஞ்சாலை நிருவாகம் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறுக்கே மோதும் விபத்துகள் 24.6 சதவீதம் குறைந்தன. பின்னால் வந்து மோதும் விபத்துகள் 14.9 சதவீதம் கூடின என்பதும் உண்மையே. ஆயினும் முன்னவையே பெரும்பாலும் கொடியவை.

மிசூரியின் உயர் நீதிமன்றம் 2015 ஓகஸ்ட் 18ஆம் திகதி மூன்று கமெரா வழக்குகளுக்கு ஒரே நாளிற் தீர்ப்பு வழங்கியது. அவற்றுள் இரண்டு சிறப்பாக நோக்கத்தக்கவை. சென்ற் லூயிஸ் நகரின் சட்டம், வாகனத்தின் உரிமையாளரே அதனைச் செலுத்தினார் எனக் கொண்டு, அல்லவென்று எண்பிக்கும் சுமையை அவர் தலையில் ஏற்றியது. குற்றத்தை எண்பிப்பது வழக்குத் தொடுப்பவரின் கடன் என்பதால் அச்சட்டம் வீழ்ந்தது. இங்கிலாந்தில் நிலை வேறு. ஓட்டியவர் யாரெனக் கூறும் கடமை உரிமையாளருக்கு உண்டு, அது மௌனம் காக்கும் உரிமையைப் பறிப்பதன்று என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2007இல் ஏற்றுக்கொண்டது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு எனலாம். ஆனால், சென்ற் பீற்றேர்ஸ் நகரின் வழக்கில் அத்தகைய இருபுற நியாயத்துக்கு இடமில்லை. வாகனத்தைச் செலுத்துகையிற் புரியும் குற்றத்துக்கு அனுமதிப்பத்திரத்திற் தகைமைப் புள்ளி பதியப்படவேண்டும் என்பது மாநிலச் சட்டம். நகரசபையோ புள்ளி வேண்டாம், பணம் மட்டும் போதும் என வகுத்திருந்தது. புள்ளி செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவானது. பலமுறை பதியப்பட்டால் இருவரும் அனுமதிப்பத்திரத்தை இழப்பர். ஆபத்தான சாரதியை வீதியிலிருந்து அகற்றக்கூடியதும் அதுவே. அதனை விட்டுப் பணத்தை மட்டும் பற்றிக்கொண்டமை, கமெரா எதற்காக நாட்டப்பட்டது என்பதை நகரசபையின் வாயாலேயே கூறியதாகும். (பின்லாந்தில் 1921 முதல் வருமானத்துக்கேற்ற நாட்தண்டம் வழக்கிலுள்ளது. கடுமையான வேகக் குற்றங்களுக்கும் அது பொருந்தும். ஒரே தொகை ஒரே தண்டனையன்று என்பதை அந்நாடு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்திருந்தது.)

அண்டை மாநிலமான இலினோயில், சிக்காகோ மாநகரம் 2003இல் கமெராக்களை நிறுவத் தொடங்கியது. காலப்போக்கில் அவற்றின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. ஒப்பந்தம் பெற்ற ரெட்ப்ளெக்ஸ் நிறுவனத்திடமிருந்து பணமும் உல்லாசப் பயணங்களுமாகக் கையூட்டுப் பெற்ற போக்குவரத்துத் திணைக்கள உயரதிகாரிக்கு 2016இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வீதியில் நின்ற பொலிஸ்காரரின் கையிலிருந்து விலக்கப்பட்ட இலஞ்சம், கந்தோரில் உள்ளவரின் கைக்கு மொத்தமாகச் சென்றது.

இதனிலும் சிந்தனைக்குரியது 2022இல் புரோபப்ளிக்கா என்னும் செய்தி நிறுவனம் வெளியிட்ட ஆய்வு. 2015 முதல் 2019 வரையான குற்றச்சீட்டுகளை ஆராய்ந்தபோது, கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளிலுள்ள குடும்பங்கள், வெள்ளையர் பகுதியினரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்திற் கமெராச் சீட்டுப் பெற்றமை தெரியவந்தது. கமெரா நிறம் பார்க்கவில்லை. ஆனால், அப்பகுதிகளின் வீதிகள் அகன்றவை. அதிவேகப் பாதைகளுக்கு அண்மையானவை. நடைபாதையும் மக்கள் நடமாட்டமும் குறைந்தவை. ஒடுங்கிய வீதியிற் சாரதி தானாகவே வேகத்தைத் தணிப்பார். அகன்ற வீதி அவரை விரைந்து செல்லத் தூண்டும். வீதியை அமைத்தது மாநகரம். அதில் விரைந்ததற்குப் பணம் அறவிடுவதும் மாநகரம். செலுத்தத் தாமதித்தால் சிவப்பு விளக்குக் குற்றத்தின் 100 டொலர் 200 டொலராகும். அத்தொகை எந்தப் பகுதியினரை அதிகம் வருத்தும் என்பது கூறாமலே விளங்கும்.

மிசூரியில் 2015இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் வருவாய் வரம்பை 20 சதவீதமாகக் குறைத்தது. சென்ற் லூயிஸ் மாவட்டத்துக்கு மட்டும் அது 12.5 சதவீதமென வகுக்கப்பட்டது. அத்தனிவிதி சிறப்புச் சட்டமாகுமெனக் கூறி மாநில உயர் நீதிமன்றம் 2017இல் அதனை நீக்கிவிட்டது. பேர்கசனில் புதிய நீதிபதி 2014 முடிவுக்கு முன் பிறப்பிக்கப்பட்ட பிடியாணைகளையெல்லாம் மீளப்பெற்றார்.

சிக்காகோவில் 2014இல் கமெராக்களை நடத்தும் நிறுவனம் மாறியது. மஞ்சள் விளக்கு குறைந்தது 3 விநாடி எரியவேண்டும் என்பது விதி. மின்னோட்ட வேறுபாட்டால் அது சற்றுக் குறைந்து எரிந்த வேளைகளிற் பிடிபட்டோருக்கு முன்னர் சீட்டு அனுப்பப்படவில்லை. புதிய ஏற்பாட்டில் 2.9 விநாடி எரிந்திருந்தாலும் போதுமென மாநகரம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பத்திலொரு விநாடியால் சுமார் 77,000 சீட்டுகள் கூடுதலாகப் பிறந்தன. அவற்றின் பெறுமதி 7.7 மில்லியன் டொலர் என மாநகரத்தின் கண்காணிப்பு அதிகாரி அவ்வாண்டு ஒக்ரோபரில் அறிக்கையிட்டார். மாநகரம் மீண்டும் 3 விநாடிக்குத் திரும்பியது. முன்னர் அனுப்பிய சீட்டுகள் செல்லுபடியானவையே என்று கூறி, பணத்தை மட்டும் அது திருப்பிக் கொடுக்கவில்லை.