மேடை மொழியும் அவை வாக்கும்: சென்னை மாகாண ஆலய நுழைவு மசோதாக்கள் (1932–1939)

தேர்தலில் நிற்கும் ஒருவரின் கொள்கைப் பற்றை அறிய வேண்டுமாயின், அவர் மேடையில் பேசியதைக் காட்டிலும் அவையில் வாக்களித்ததையே நோக்க வேண்டும் என்பது அரசியல் ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். பேச்சு மாறும், பதிவு மாறாது என்பது இக்கருத்தின் அடிப்படை. எனினும், அவைப் பதிவுகளை ஊன்றிப் பார்க்கும்பொழுது, ஒரு வாக்கு யாருடையது, எந்த வாக்குறுதியோடு அதனை ஒப்பிடுவது என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. இவற்றை, சென்னை மாகாணத்தில் 1932-க்கும் 1939-க்கும் இடையே ஆலய நுழைவு தொடர்பாக எழுந்த மசோதாக்களைக் கொண்டு ஆராய முற்படுகிறோம். இருவரின் செயற்பாடுகள் இங்கு முதன்மை பெறுகின்றன. ஒருவர் மாகாணப் பிரதமராக இருந்த சி. இராஜகோபாலாச்சாரியார், மற்றவர் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் தலைவர் எம். சி. இராஜா. குழப்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு முன்னவரை ஆச்சாரியார் என்றே குறிப்பிடுவோம்.

முதலில் வாக்குறுதியைக் காண்போம். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பினை வெளியிட்டு, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தனித்தொகுதிகள் வழங்கியது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். செப்டம்பர் 24-ஆம் நாள் புனா ஒப்பந்தம் உருவாயிற்று. தனித்தொகுதிகள் கைவிடப்பட்டு, கூட்டுத்தொகுதிகளில் ஒதுக்கப்பட்ட இடங்கள் ஏற்கப்பட்டன. மாகாண அவைகளில் 71 ஆக இருந்த அவ்விடங்கள் 148 ஆக உயர்த்தப்பட்டன. மறுநாள் பம்பாயில் மதன்மோகன் மாளவியாவின் தலைமையில் கூடிய இந்துத் தலைவர்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றினர். பிற்கால விவாதங்கள் அனைத்திற்கும் மூலமாக அமைந்தது இத்தீர்மானமே.

அத்தீர்மானத்தை மேலோட்டமாகப் படிப்போர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. அதில் இரு பகுதிகள் உள்ளன. பொதுக்கிணறு, பள்ளி, சாலை முதலியவற்றைப் பயன்படுத்தும் உரிமைக்கு முதல் வாய்ப்பிலேயே சட்ட ஏற்பு அளிக்கப்படும் என்கிறது முதற்பகுதி. ஆலயத் தடையோ இரண்டாம் பகுதியில் வருகிறது. அதனையும் பிற சமூக இடர்களையும் நேரிய, அமைதியான வழிகள் அனைத்தாலும் விரைவில் அகற்றுவது தலைவர்களின் கடமை என்று மட்டுமே கூறப்படுகிறது. அங்குச் சட்டம் என்னும் சொல் இல்லை. இவ்வேறுபாடு தற்செயலானதா, திட்டமிட்டதா என்று நாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை. ஆறாண்டுகள் கழித்துச் சென்னை அவையில் நடந்தவை ஏறத்தாழ இதே கோட்டின்படி பிரிந்தன என்பதே நம் கவனத்திற்குரியது.

தீர்மானத்தைத் தொடர்ந்து டாக்டர் ப. சுப்பராயன் சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதா ஒன்றைக் கொணர முயன்றார். 1933 ஜனவரியில் அரசப்பிரதிநிதி அதற்கு இசைவு மறுத்தார். மத்திய சட்டமன்றத்தில் சி. எஸ். ரங்க ஐயர் கொணரவிருந்த மசோதாவுக்கு மட்டும் இசைவளித்தார். அம்மசோதாவுக்கு டெல்லியில் உறுப்பினர்களிடையே ஆதரவு திரட்டியவர்களுள் ஆச்சாரியாரும் ஒருவர். அம்பேத்கரோ அதனை ஆதரிக்க மறுத்தார். உள்ளூர் வாக்காளரின் பெரும்பான்மைக்கு உட்பட்டே கோயில் திறக்கப்படும் என்றிருந்ததும், தீண்டாமையைப் பாவம் என்று அம்மசோதா கூறாததும் அவர் காட்டிய குறைகள்.

1934-இல் நிலைமை மாறியது. மத்திய சட்டமன்றம் கலைக்கப்பட்டுப் பொதுத்தேர்தல் வரும் என அறிவிக்கப்பட்டதும், காங்கிரஸ் ஆதரவாளர்கள் மசோதாவிலிருந்து பின்வாங்கினர். காங்கிரஸ் வேட்பாளர்கள் அரசியல் பிரச்சினையை மட்டுமே முன்வைத்து வாக்குக் கேட்கின்றனர், ஆலய நுழைவு தேர்தல் பிரச்சினையன்று என்னும் கருத்தை ஆச்சாரியார் வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் ரங்க ஐயர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தம்மைத் தூண்டியவர்களே கைவிட்டனர் என அவர் அவையில் கசப்போடு பேசினார். வைதீக இந்துக்களின் வாக்குகளை இழக்க நேரும் என்னும் அச்சமே காரணம் என்று அவர் கருதியது மிகையன்று என்பது நம் எண்ணம். இங்கு வாக்கெடுப்பே நடைபெறவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அவைப் பதிவை மட்டும் புரட்டுவோருக்கு இந்நிகழ்ச்சியில் எந்தத் தலைவரின் பெயருக்கு எதிரேயும் ஒரு வாக்கும் கிடைக்காது.

1937 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 159-ஐக் காங்கிரஸ் வென்றது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்ட 30 இடங்களுள் 26 அக்கட்சிக்கே சென்றன. ஜூலையில் ஆச்சாரியார் பிரதமரானார். இத்தகைய பெரும்பான்மை பெற்ற ஆட்சி, தான் விரும்பிய எச்சட்டத்தையும் கீழவையில் நிறைவேற்றியிருக்க இயலும்.

1938-இல் எம். சி. இராஜா இரு மசோதாக்களைக் கொணர்ந்தார். சாலை, கிணறு, போக்குவரத்து, அரசுப் பணி போன்றவற்றில் சாதியின் பெயரால் தடை செய்வதை ஒழிக்கும் மசோதா ஆட்சியின் ஆதரவோடு அவ்வாண்டின் 21-ஆம் சட்டமாக நிறைவேறியது. பம்பாய்த் தீர்மானத்தின் முதற்பகுதி இவ்வாறு சட்டமாயிற்று. மற்றொன்று மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவு மசோதா. அதனைத் திரும்பப் பெறுமாறு ஆச்சாரியார் கேட்டுக்கொண்டார். திருவிதாங்கூரில் 1936 நவம்பரில் வெளியான ஆலய நுழைவுப் பிரகடனத்தால் மனம் பக்குவமடைந்திருந்த மலபாரில் முதலில் தொடங்கிப் படிப்படியாகச் செல்வதே தக்கது என்பது அவர் வாதம். இராஜா இணங்கவில்லை. மசோதா காங்கிரஸ் பெரும்பான்மையால் வீழ்த்தப்பட்டது.

இராஜா காந்தியடிகளுக்கு மடல் எழுதி முறையிட்டார். ஆச்சாரியாரிடம் நம்பிக்கை வைக்குமாறும், அவரோடு பேசிப்பார்த்து, உடன்படாவிடில் பொறுத்துக்கொள்ளுமாறும் காந்தியடிகள் மறுமொழி அளித்தார். உரிமை கேட்டுச் சென்றவருக்குக் கிடைத்தது பொறுமை பற்றிய அறிவுரை.

இராஜாவின் வருத்தம் ஒரு மசோதாவின் தோல்வியோடு முடிவதன்று. 1932-இன் தொடக்கத்தில் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்துகொண்டு கூட்டுத்தொகுதி முறையை ஆதரித்தவர் அவர். அம்பேத்கரோடு முரண்பட்டு அந்நிலைப்பாட்டை எடுத்தார். கூட்டுத்தொகுதியில் தேர்வானவர்களோ கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள். ஒதுக்கப்பட்ட இடங்களில் காங்கிரஸ் சார்பில் அமர்ந்திருந்த 26 பேரின் இருப்பு அவருடைய மசோதாவைக் காப்பாற்றவில்லை. தாம் வாதாடிப் பெற்ற முறையே தம்மைக் கைவிட்டதை அவர் கண்டார். பிற்காலத்தில் அவர் அம்பேத்கரின் பக்கம் நெருங்கியதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாதல் வேண்டும்.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அந்த 26 உறுப்பினர்களைத் தம் மக்களின் நலனுக்கு மாறாக நடந்தவர்கள் என்று பதிவைக் கொண்டு கூறிவிடலாமா? கொறடாவின் கட்டளைக்குட்பட்ட வாக்கு கட்சியின் வாக்கே அன்றித் தனியொருவரின் மனச்சான்றைக் காட்டும் சான்றாகாது. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் 1969-ஆம் ஆண்டுக் கருக்கலைப்பு மசோதாவின்போது கொறடாவின் கட்டுப்பாடு நீக்கப்பட்டது என்பது இன்றும் தனித்துச் சுட்டப்படுவதற்குக் காரணம், மற்ற வேளைகளில் அத்தகைய உரிமை அரிது என்பதே. ஆதலின் சென்னை உறுப்பினர்களின் வாக்கைக் கொண்டு அவர்தம் கொள்கையை அளப்பது பொருந்தாது. ஆச்சாரியாரின் நிலை வேறு. கட்டளை இட்டவரே அவர்தாம். எனவே அவ்வாக்கு முழுவதும் அவருடையது.

அவ்வாறாயின் அவர் தம் கொள்கைக்கு மாறாக நடந்தாரா? அவ்வாறு கூறும் அறிஞர்கள் உளர். 1939 நிகழ்ச்சிகளைச் சேர்த்து நோக்கினால் வேறொரு முடிவு கிடைக்கிறது. மலபாருக்கென அவர் நிறைவேற்றிய 1938-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம், கோயிலுக்குள் செல்லும் வழக்கம் ஏற்கெனவே பெற்றிருந்த இந்துக்களின் பெரும்பான்மைக் கருத்தை அறிந்து கோயில்களைத் திறக்க வழிசெய்தது. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கருத்துக்கு அதில் இடமில்லை. 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட வகுப்பாரை அழைத்துச் சென்றார். பின்னாளில் அமைச்சரான பூ. கக்கனும் அக்குழுவில் இருந்தார். வழக்குத் தொடரப்படும் என்னும் அச்சுறுத்தல் எழவே, ஆட்சி அவசரச் சட்டத்தின் வழி அறங்காவலர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பாதுகாப்பளித்தது. பின்னர் அது ஆலய நுழைவு அனுமதி, பாதுகாப்புச் சட்டமாக அவ்வாண்டே நிறைவேறியது.

ஓராண்டுக்கு முன் மசோதாவை வீழ்த்தியவர் இப்பொழுது சட்டம் இயற்றுகிறார் எனில், அவர் மாறிவிட்டார் என்றே தோன்றும். சட்டத்தின் பெயரையே உற்றுநோக்கினால் உண்மை விளங்கும். அது அனுமதியைப் பற்றிய சட்டம், உரிமையைப் பற்றியதன்று. வழிபடுவோர் எதிர்க்கவில்லை எனக் கருதும் அறங்காவலர், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம் என்கிறது அது. திறக்குமாறு கேட்கும் உரிமை வெளியே நிற்பவருக்கு இல்லை. 1934-இல் இந்துக்களின் கருத்தை அறிய வேண்டும் என்றதும், 1938-இல் மலபார் போதும் என்றதும், 1939-இல் அறங்காவலரிடம் திறவுகோலைக் கொடுத்ததும் ஒரே கொள்கையின் மூன்று தோற்றங்கள். உள்ளே இருப்பவரின் இசைவின்றிக் கதவு திறக்கலாகாது என்பதே அக்கொள்கை. தீண்டாமை ஒழிய வேண்டும் என்று அவர் கொண்டிருந்த விருப்பத்தை நாம் ஐயுறவில்லை. மதுரை நிகழ்ச்சிக்கு அவர் அளித்த துணையும் துணிவானதே. ஆயின், அவர்தம் வாக்குகள் அவர்தம் கொள்கையோடு ஒத்தே சென்றன. ஒவ்வாதது இராஜா அக்கொள்கையில் கேட்ட வாக்குறுதியே.

மாறாக, இராஜாவின் பதிவு முரண்பாடுகள் நிறைந்ததாகத் தோற்றம் தருகிறது. நீதிக் கட்சியோடு இருந்தார், விலகினார். கூட்டுத்தொகுதியை ஏற்றார், பின்னர் வருந்தினார். சில மாதங்கள் காங்கிரஸ் அல்லாத இடைக்கால அமைச்சரவையிலும் இருந்தார். நிலைப்பாடுகளை மட்டும் பட்டியலிடுவோர் அவரை உறுதியற்றவர் என்பர். அவர் கேட்டதோ தொடக்கம் முதல் ஒன்றுதான்: தம் மக்கள் பிறரின் அனுமதிக்குக் காத்திராத நிலை.

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. எம். சி. இராஜா 1943-இல் மறைந்தார். இந்துக் கோயில்களுக்குள் செல்லுதல் எல்லா வகுப்பு இந்துக்களின் உரிமை என்று அறிவித்த சென்னை ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. அதில் எவருடைய இசைவும் கேட்கப்படவில்லை.