சாணக்கலனில் கரி: பயிர்க்கழிவு எரிவாயுவின் வரலாறு

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையில் உள்ள ஊர் கரிக்கலாம்பாக்கம். நெல், கரும்பு, உளுந்து, மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை ஆகியவை இவ்வட்டாரப் பயிர்கள். அறுவடைக்குப் பின் எஞ்சுபவை வைக்கோல், கரும்புச் சோகை, மல்லாட்டைத் தோல், ஆலை உமி. இத்தகைய கழிவுகளைக் காற்றுப் புகாத கலத்தில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுப்பதும், வாயு பெருக அக்கலத்தில் கரித்தூள் சேர்ப்பதும் இன்று ஆய்வுக்கூடங்களில் பெரிதாகப் பேசப்படுகின்றன. (ஊர்ப்பெயரின் ‘கரி’க்கும் இந்தக் கரிக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.) புதியது போலத் தோன்றினாலும் இதன் வேர் பழையது.

சாணத்தில் தொடக்கம்

சதுப்பு நிலச் சேற்றைக் கிளறினால் எழும் குமிழிகள் எரியும் தன்மையுடையவை என்பதை இத்தாலிய அறிவியலாளர் அலெசாந்திரோ வோல்டா 1776 இல் கண்டார். இந்தியாவில் பம்பாய் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் 1897 இல் மனிதக் கழிவிலிருந்து வாயு எடுக்கப்பட்டது. மாட்டுச் சாணத்தைக் கொண்டு முறையான ஆய்வை 1939 வாக்கில் தொடங்கியவர் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். வி. தேசாய். ஜஷ்பாய் படேல் 1951 இல் ‘கிராமலட்சுமி’ கலனை அமைத்தார். மிதக்கும் இரும்பு மூடி கொண்ட இவ்வமைப்பை 1960களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையம் ஏற்று நாடெங்கும் பரப்பியது. மூடியின் எடையால் வாயு ஒரே அழுத்தத்தில் வந்தது. ஆனால் மூடி துருப்பிடித்தது, விலையும் கூடியது. ஆகவே செங்கல், சிமெண்டாலான நிலைத்த கூரைக் கலன்கள் வந்தன: 1978 இல் ‘ஜனதா’, 1984 இல் ‘தீனபந்து’.

இவை யாவும் மாட்டை நம்பியவை. நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்குச் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். அதாவது நான்கைந்து மாடுகள். உழவுக்கு டிராக்டர் வந்து தொழுவங்கள் வெறிச்சோடியதும், நன்றாகக் கட்டப்பட்ட கலன்கள்கூடத் தீனியின்றிக் கிடந்தன. பழுது கலனில் இல்லை, தொழுவத்தில் இருந்தது. பயிர்க்கழிவின் பக்கம் பார்வை திரும்பியதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

வைக்கோலின் பிடிவாதம்

சாணம் என்பது மாட்டின் வயிறு ஒருமுறை அரைத்துக் கொடுத்த தீனி. வைக்கோல் அப்படியல்ல. அதன் மாவுப்பொருளை லிக்னின் என்னும் மரப்பசை கவசம்போல் மூடியிருக்கிறது, மணற்சத்தும் மிகுதி. தண்ணீரில் மிதந்து மேலே தடித்த ஏடாகப் படிந்து வாயுவை அடைத்துவிடும். நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 20–30க்கு 1 என்ற அளவில் இருந்தால் உகந்தது. சாணத்தில் இது ஏறத்தாழ 25. நெல் வைக்கோலில் 70க்கு மேலும் போகும்.

ஆனாலும் வைக்கோலில் வாயு எடுத்தவர்கள் முன்பே உண்டு. புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், 1930களின் இறுதியில் டுசெல்லியே, இஸ்மான் என்னும் இரு வேளாண் ஆசிரியர்கள் வைக்கோல் கலந்த தொழு எருவைத் தொட்டியில் மொத்தமாக அடைத்து, நொதித்து முடிந்தபின் அள்ளி எடுக்கும் முறையை உருவாக்கினர். போர்க்கால எரிபொருள் தட்டுப்பாட்டில் அது பிரான்சின் பண்ணைகளிலும் பரவியது. எண்ணெய் மலிந்ததும் மறக்கப்பட்டது.

கரி செய்யும் வேலை

கலத்தினுள் இரு கூட்டத்தார் உழைக்கின்றனர் எனலாம். ஒரு கூட்டம் பொருளை உடைத்துப் புளிப்பு அமிலங்களாக்கும். மற்றது அவற்றை மீத்தேனாக்கும். முதற்கூட்டம் வேகமானது, இரண்டாவது மந்தமானது. தீனி அதிகமானால் அமிலம் தேங்கிக் கலன் புளித்து, வாயு நின்றுவிடும். இதற்கு நாட்டு வைத்தியம் சுண்ணாம்பு.

காற்றோட்டத்தை மட்டுப்படுத்திச் சூடாக்கிய மரம், ஓடு, உமி ஆகியவற்றிலிருந்து கிடைப்பதே பயோசார் எனப்படும் உயிர்க்கரி. அதன் நுண்துளைகள் மந்தக் கூட்டத்திற்கு வீடாகின்றன. காரத்தன்மை புளிப்பைத் தணிக்கிறது. மிகையான அம்மோனியாவையும் ஓரளவு பிடித்து வைக்கிறது.

இதை இந்தியர் முன்பே கண்டனர் என்பது பலர் கவனிக்காத செய்தி. சாணத்துடன் கடைக்கரியைச் சேர்த்தால் வாயு கூடுகிறது என்று எஸ். குமார், எம். சி. ஜெயின், பி. கே. சோங்கர் ஆகியோர் எழுதிய ஆய்வுக்குறிப்பு 1987 இலேயே வெளியானது. ஏன் கூடுகிறது என்பதற்கு வலுவான ஒரு விளக்கம் பின்னரே கிடைத்தது. நுண்ணுயிர்கள் எலக்ட்ரான்களை ஒன்றுக்கொன்று நேரடியாகக் கைமாற்றிக்கொள்கின்றன என்று 2010 இல் அமெரிக்காவின் டெரக் லவ்லி குழுவினர் காட்டினர். அந்தக் கைமாற்றத்துக்குக் கரி மின்கம்பிபோல் உதவுகிறது என்பது 2012 இல் கிளர்வுற்ற கரியிலும், 2014 இல் உயிர்க்கரியிலும் காணப்பட்டது.

கரி தானாக வாயுவாக மாறுவதில்லை. வேலையை ஒழுங்காக நடக்கச் செய்கிறது, அவ்வளவே. எந்தப் பொருளை எந்த வெப்பத்தில் கருக்கினார்கள் என்பதைப் பொறுத்துப் பயன் மாறும். அளவு மீறினால் கேடும் உண்டு. நன்றாக ஓடும் சாணக்கலனில் பெரிய வேறுபாடு தெரியாது. புளிக்கும் நிலையிலுள்ள கலனில்தான் கரியின் அருமை தெரியும்.

எது கழிவு?

பஞ்சாப் மாநிலம் லெஹ்ராகாகாவில் 2022 இல் நெல் வைக்கோலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 33 டன் அழுத்தப்பட்ட எரிவாயு எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. அந்தக் கணக்கை அப்படியே பாகூர்ப் பகுதிக்குக் கொண்டுவர முடியாது. இங்கே வைக்கோல் மாட்டுத்தீனி. கட்டுக் கட்டாக விலைபோகும் பண்டம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1991 இல் கீழூர், சிவராந்தகம், பிள்ளையார்குப்பம் ஆகிய ஊர்களில் தொடங்கிய உயிரிக்கிராமத் திட்டத்திலும் வைக்கோல் காளான் வளர்க்கும் படுக்கையானது. தீனியைப் பறித்து வாயுவாக்குவது மாடு வைத்திருக்கும் ஏழையைத்தான் முதலில் தாக்கும்.

உண்மையில் வீணாவது கரும்புச் சோகை. தோட்டத்திலேயே தீ வைத்துவிடுகிறார்கள். இதற்கு வழிகாட்டியவர் புணேயின் ஆனந்த் கார்வே. அவருடைய ஆர்ட்டி நிறுவனம் கரும்புச் சோகையைக் கரியாக்கியதற்காக 2002 இலும், சமையலறைக் கழிவிலிருந்து வாயு தரும் சிறு கலனுக்காக 2006 இலும் பிரிட்டனின் ஆஷ்டன் விருதைப் பெற்றது. எளிதில் நொதியாததைக் கரியாக்கு, நொதிவதை வாயுவாக்கு என்ற பாகுபாடு இதில் தெளிவாக இருக்கிறது. இரண்டையும் ஒரே கலனில் சேர்ப்பது அடுத்த படி.

பல் விளக்க உமிக்கரி செய்த வீடுகளுக்குக் கருக்கும் பக்குவம் தெரியாததல்ல. புகை அடங்கும் நேரத்தில் தண்ணீர் தெளிக்காவிட்டால் உமி வெந்து சாம்பலாகிவிடும். மணற்சத்து மிகுந்திருப்பதால் உமிக்கரியில் கரிமம் மரக்கரியைவிடக் குறைவு. சவுக்கு மிளாறு, மல்லாட்டைத் தோல் ஆகியவற்றின் கரி மேலானது. வாயு எடுத்தபின் வெளிவரும் குழம்போடு கரியும் வயலுக்குப் போகும். தழைச்சத்தைச் சிறிது பற்றியிருக்கும் அந்தக் கரி எளிதில் மட்காமல் நெடுங்காலம் மண்ணிலேயே கிடக்கும்.