வெள்ளம் வடிந்த பின் வடியாத சினம்

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை மும்பையில் வாழும் தமிழர் எளிதில் மறப்பதற்கில்லை. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தெற்கே கொலாபாவிலோ சுமார் 74 மில்லிமீட்டரே பெய்தது. மித்தி ஆறு கரை கடந்து குர்லாவையும் தாராவியையும் சூழ்ந்தது. ரயில்கள் நின்றன. உப்பங்கழிக்கு அப்பால், சான்பாடாவிலும் வாஷியிலும் குடியிருந்தவர்கள் வீடு திரும்ப வழியின்றி நடுவழியில் தங்கினர். மும்பையில் மட்டும் 400க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நீர் வடிந்தது, துயரம் தங்கியது. துயரத்தோடு சினமும் தங்கியது. அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வானத்தின் மீது சினங்கொள்பவர் யார்? மக்கள் சினந்தது வேறொன்றின் மீது. நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென அமைந்தவை. அவற்றைச் சீர்படுத்தும் திட்டம் 1993இலேயே தீட்டப்பட்டும் பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்தது. மித்தியின் கரைகளோ விமான நிலையத்துக்காகவும் கட்டடங்களுக்காகவும் நெருக்கப்பட்டிருந்தன. பின்னர் மாதவ் சித்தளே தலைமையில் அமைந்த குழு இவற்றையெல்லாம் ஆராய்ந்தது. வெள்ளத்தில் குடும்ப அட்டையும் பள்ளிச் சான்றிதழும் பறிகொடுத்தவர், 'இது இயற்கையின் சீற்றம்' என்று கேட்டு ஆறுதல் அடைவாரோ? அவர் சினத்துக்குக் காரணம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

பேரிடரில் பிழைத்தவரின் மனத்தை மருத்துவர்கள் ஆராயத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. 1908இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரைப் பூகம்பம் அழித்த பின், ஸ்டீர்லின் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் உயிர் தப்பியவர்களின் உறக்கமின்மையையும் கொடுங்கனவுகளையும் குறித்து வைத்தார். நம் நாட்டில் 1934 ஜனவரி 15 அன்று நேர்ந்த பீஹார் பூகம்பம் வேறொரு பாடம் கற்பித்தது. தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்று காந்தியடிகள் எழுத, தாகூர் அதனை மறுத்துரைத்தார். பழியை யார் மீது சுமத்துவது என்ற கேள்வி, இரு பெருமக்களையே எதிரெதிரே நிறுத்திவிட்டது! அதே பூகம்பத்தின் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியல் அறிஞர் ஆராய்ந்து 1935இல் வெளியிட்டார். நில அதிர்ச்சியை உணர்ந்தும் பெருஞ்சேதம் காணாத இடங்களிலேயே, இன்னும் பெரிய அழிவு வருகிறது என்ற பேச்சு செழித்தது. மனத்தில் நிறைந்த அச்சம் தனக்கொரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது போலும்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் மும்பையிலும் அதுவே நிகழ்ந்தது. வெள்ளத்துக்கு இரு நாள் கழித்து, ஜூலை 28 அன்று இரவு, சுனாமி வருகிறது, அணை உடைந்தது என்ற வதந்தியால் ஜூஹூவின் நேரு நகரில் மக்கள் ஓடினர். நெரிசலில் பலர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினம் கரையைக் கடல் விழுங்கியதிலிருந்து அந்த வெள்ளத்துக்குச் சரியாக ஏழு மாதம். ஊரில் உறவினரை நினைந்து கலங்கிய தமிழர் வாசலுக்கே அடுத்த நீர் வந்தது.

பேரிடருக்குப் பின் நீடிக்கும் மனக்காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல் ஒரு நோய்ப்பெயர் வழங்கினர். எரிச்சலும் சினவெடிப்பும் அதன் குறிகளுள் 1987இல் சேர்க்கப்பட்டன. நன்மை உண்டு, ஆபத்தும் உண்டு. நியாயமான முறையீட்டையும் நோய் என்று ஒதுக்கிவிடலாம் அல்லவா? அதிகாரியிடம் நின்று கேட்கும் சினத்துக்கு மருந்து வேண்டியதில்லை; விடை வேண்டும். மாறாக, மாதங்கள் கடந்தும் உறக்கத்தைக் கெடுத்து, மனைவி மக்கள் மீது பாய்ந்து, மதுவில் அடைக்கலம் தேடும் சினத்துக்கு உதவி தேவை. பெரும்பாலோர் உற்றார் துணையாலேயே காலப்போக்கில் தேறிவிடுகின்றனர் என்பதும் உண்மை.

துன்பக் கதையைச் சொல்லுமாறு பிழைத்தவரை வற்புறுத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட முதலுதவிக் கையேடு அறிவுறுத்துகிறது. அவராகப் பேசும்போது செவிசாய்ப்பதும், உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கு வழிகாட்டுவதும் போதும். இந்திய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, சான்பாடாவிலிருந்து அழைப்பவரும் தமிழையே தேர்ந்து பேசலாம்.