அழகுராணிகளை அனுப்புவது யார்?

அழகுராணிப் போட்டி என்பது பம்பாயிலும் இலண்டனிலும் நடக்கும் காரியம். இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நம்மில் பலர் எண்ணுவது இயல்பே. ஆனால் ‘பிரபஞ்ச அழகி’ என்னும் பட்டத்துக்காக முதன்முதலில் நடந்த போட்டியில், இந்தியாவின் பெயரைத் தாங்கி நின்ற பெண்மணி இந்தச் சென்னை மாநகரில் பிறந்தவர். அவர் பெயர் இந்திராணி ரஹ்மான்.

1930-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிறந்தார். தந்தை இராமலால் பாஜ்பாய், அமெரிக்காவில் வாழ்ந்து இந்திய விடுதலைக்கு உழைத்த வேதியியலார். தாய் அமெரிக்கப் பெண்மணி. எஸ்தர் ஷெர்மன் என்ற இயற்பெயரை விடுத்து இராகினி தேவி ஆனவர். குடும்பப் பெண்கள் மேடையேற அஞ்சிய அக்காலத்தில் சென்னைக்கு வந்து, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பரதம் பயின்றவர் அவர். மகள் பின்னர்ப் பந்தநல்லூர் மரபைச் சொக்கலிங்கம் பிள்ளையிடம் கற்றார்.

தமது பதினைந்தாம் வயதில், 1945-இல், இந்திராணி வங்காளத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானை மணந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். டில்லி ஜும்ஆ மஸ்ஜிதுக்கு அருகே மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள் அடக்கமாகியிருக்கும் இடத்தை ஸியாரத் செய்தவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். அந்த எளிய வெண்ணிற மண்டபத்தை வரைந்தவர் ஹபீப் ரஹ்மானே. குடியரசுத் தலைவர்கள் ஜாகிர் உசேன், பக்ருத்தீன் அலி அகமது ஆகியோரின் அடக்கத்தலங்களும் அவர் கைவண்ணம்தாம்.

1952-இல் இந்திராணி ‘மிஸ் இந்தியா’ ஆனார். அவ்வாண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் முப்பது நாட்டுப் பெண்கள் கூடினர். நீச்சலுடை அணிவகுப்பிலும் அவர் நெற்றியில் பொட்டும் கூந்தலில் பூவும் இருந்தன. வென்றவர் பின்லாந்தைச் சேர்ந்த ஆர்மி கூசெலா. இந்திராணி அப்போது மணமானவர் மட்டுமல்லர். ஒரு பெண்குழந்தைக்குத் தாயும் ஆவார்.

இந்தப் போட்டி பிறந்த கதை அழகைப் பற்றியதன்று. துணி வியாபாரத்தைப் பற்றியது. ‘மிஸ் அமெரிக்கா’ போட்டிக்கு நீச்சலுடை தயாரிக்கும் கேட்டலினா நிறுவனம் பொருளுதவி செய்து வந்தது. 1951-க்கான பட்டம் பெற்ற யோலண்டே பெட்பீஸ் என்ற பெண், நீச்சலுடையோடு ஊர் ஊராகக் காட்சி தர முடியாதென மறுத்துவிட்டார். சினந்த நிறுவனம் அப்போட்டியை விட்டு விலகி, தனக்கென ‘மிஸ் யூஎஸ்ஏ’, ‘மிஸ் யூனிவர்ஸ்’ என்னும் இரு போட்டிகளைத் தோற்றுவித்தது. பெரம்பூரில் இயங்கி 1996-இல் மூடப்பட்ட நம் பின்னி ஆலை, தன் துணியை விற்பதற்காகப் ‘பிரபஞ்ச அழகி’ ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் எப்படியிருந்திருக்கும்? சிரிப்பு வருகிறதல்லவா? லாங் பீச்சில் நடந்தது ஏறக்குறைய அதுவே. ஒரு பெண் “மாட்டேன்” என்று சொன்னதனால் பிறந்த போட்டி இது என்பதைப் போட்டியை நடத்துவோர் விளம்பரங்களில் சொல்வதில்லை.

‘உலக அழகி’ வேறு. 1951-இல் இலண்டனில் நடந்த பிரிட்டன் திருவிழாவை ஒட்டி எரிக் மார்லி என்பவர் நடத்திய நீச்சலுடைப் போட்டி அது. ஒருமுறையோடு முடிந்திருக்க வேண்டியது ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2000-இல் அவர் இறந்த பின்னரும் அது அவர் மனைவியார் ஜூலியா மார்லியின் தலைமையில் குடும்பச் சொத்தாகவே நடந்து வருகிறது.

நாட்டின் பெயரைத் தோளில் சுமக்கும் பெண்ணை அந்நாட்டு அரசு அனுப்புகிறது என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். அப்படியன்று. தலைமை நிறுவனம் ஒவ்வொரு நாட்டிலும் ஒருவருக்கு உரிமம் கொடுக்கிறது. உரிமம் பெற்றவர் தம் விருப்பப்படி தேர்வு நடத்தி ஒரு பெண்ணை அனுப்புகிறார். பாராளுமன்றத்துக்கோ மக்களுக்கோ அதில் பங்கில்லை. 1966-இல் நடந்ததைப் பாருங்கள். ‘ஈவ்ஸ் வீக்லி’ என்ற பத்திரிகை ரீத்தா பரியாவை உலக அழகிப் போட்டிக்கு அனுப்பிற்று. ‘பெமினா’ என்ற மற்றொரு பத்திரிகை யாஸ்மின் டாஜியைப் பிரபஞ்ச அழகிப் போட்டிக்கு அனுப்பிற்று. ஒரு தேசம், இரண்டு பத்திரிகைகள், இரண்டு ‘இந்திய’ அழகிகள்!

பம்பாயில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ரீத்தா பரியா, இரவல் சேலையோடும் இரவல் நீச்சலுடையோடும் இலண்டன் சென்று வென்றார். ஆசியாவிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் வென்றவர் ஓராண்டுக்கு நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். அவ்வாண்டின் இறுதியில் அவர் வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படையினரை மகிழ்விக்கும் குழுவோடு சென்றபோது, அப்போரை ஏற்காத நம் நாட்டில் கண்டனம் எழுந்தது. பிறகு அவர் அந்த ஒளிவட்டத்தை உதறிவிட்டு மருத்துவத்துக்கே திரும்பினார். நம் கணிப்பில் அதுவே அவருடைய பெரிய வெற்றி.

பெமினா போட்டியில் 2017 முதல் மாநிலத்துக்கு ஒருவர் என்ற முறை வந்தது. அதன்படி 2018-இல் தமிழ்நாட்டின் சார்பில் நின்று வென்றவர் திருச்சியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸ். மாநில எல்லை பார்க்கப்படுவதால் தேர்வு பரவலாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆயினும் உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு; முன்பு ஐந்தடி ஐந்தங்குலமாக இருந்தது, பின்னர் ஐந்தடி மூன்றங்குலமாகக் குறைந்தது. காசிமேட்டு மீன்பிடித் துறையில் விடியுமுன் கூடைக்கருகே நிற்கும் பெண்களை எந்த அளவுகோலால் அளப்பது என்று நடுவர்களை எவரும் கேட்டதில்லை.

1996-இல் உலக அழகிப் போட்டி பெங்களூருக்கு வந்தது. பெண்ணுரிமை அமைப்புகளும் மத அமைப்புகளும், தத்தம் காரணங்களுக்காக, ஒருசேர எதிர்த்தன. நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிர் நீத்தார். மேடையில் கிரீஸ் நாட்டுப் பெண் முடிசூடினார். பின்னர் 2015 முதல் உலக அழகிப் போட்டியில் நீச்சலுடைச் சுற்றே கைவிடப்பட்டது. அந்த இளைஞரின் தாய்க்கு அதனால் என்ன ஆறுதல்?

நம் வீட்டுப் பெண்மக்கள் இவற்றைப் பற்றிக் கேட்டால், “கூடாது” என்ற ஒரு சொல்லோடு நாம் பேச்சை முடித்து விடுகிறோம். காரணத்தையும் வரலாற்றையும் சொன்னால் அவர்கள் தாமே எடைபோடுவார்கள். 2016-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலப் போட்டியில் ஹலீமா ஏடன் என்ற சோமாலியப் பெண், ஹிஜாபோடும் உடல் மூடிய நீச்சலுடையோடும் நின்று அரையிறுதி வரை சென்றார். கென்யாவின் அகதி முகாமில் பிறந்தவர் அவர். உலகம் அதை வெற்றியென்று கொண்டாடியது. நான்கே ஆண்டுகளில், தம் மார்க்கத்தோடு சமரசம் செய்ய நேர்ந்ததாகக் கூறி, அலங்கார உலகை விட்டு அவரே வெளியேறினார்.

இந்திராணி அம்மையாரோ லாங் பீச்சை மறந்து நாட்டியத்துக்கே வாழ்ந்தார். ஒடிசி நடனத்தைக் கற்று, அதை வெளிநாட்டு மேடைகளுக்குக் கொண்டு சென்றார். 1969-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1999-இல் நியூயார்க்கில் காலமானார். அவர் தாயாக நின்ற அதே போட்டியில், 1957-இல் மிஸ் யூஎஸ்ஏ பட்டம் பெற்ற லியோனா கேஜ் மணமானவர், தாய் என்று தெரிந்ததும் மறுநாளே பட்டத்தை இழந்தார். மணமானவருக்கும் தாய்மாருக்கும் பிரபஞ்ச அழகிப் போட்டியின் கதவு மீண்டும் திறந்தது 2023-இல்தான்.