சிறைக்குப் போய்வந்தவர் தேடிய சொல்

1842 மே மாதம். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து பிரிஸ்டலுக்கு, ஏறக்குறைய 90 மைல், நடந்தே கிளம்பினார் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். வயது 25. பைபிளைச் சாடி எழுதியதற்காக பிரிஸ்டல் சிறையில் கிடந்த நண்பர் சார்லஸ் சவுத்வெல்லைப் பார்க்க வேண்டும். வழியில் செல்டனம் ஊரில் ஒரு சொற்பொழிவு. ஏழைகளுக்கு உள்நாட்டிலேயே குடியிருப்புகள் அமைத்து வாழவைப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. பேச்சு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார்.

மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் சொன்னவர், கடவுளுக்கான கடமையைச் சொல்லவில்லையே என்று கேட்டார். மழுப்பியிருந்தால் அன்றோடு போயிருக்கும். ஹோலியோக் மழுப்பவில்லை. கடவுளுக்குச் செலவழிக்கும் நிலையில் இந்த ஏழை மக்கள் இல்லை, சிக்கனத்துக்காகப் படை அதிகாரிகளை அரைச் சம்பளத்தில் நிறுத்துவதுபோல் கடவுளையும் நிறுத்திவைக்கலாம் என்றார். மறுநாள் காலையில் அவர் பாட்டுக்கு நடையைத் தொடர்ந்தார். உள்ளூர்ப் பத்திரிகை சும்மா இருக்கவில்லை.

தெய்வ நிந்தனை என்று அது கொதித்தது. சேதி தெரிந்ததும் ஹோலியோக் ஒளியவில்லை. பதில் சொல்ல செல்டனத்துக்கே திரும்பினார். அங்கேயே கைது. கையில் விலங்கோடு குளோஸ்டர் நகருக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். ஆகஸ்டில் விசாரணை. வக்கீல் வைக்காமல் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தனக்காகத் தானே வாதாடினார். பலனில்லை, ஆறு மாதச் சிறை. அதைவிடப் பெரிய அடி, அவர் உள்ளே இருந்தபோது வீட்டிலிருந்து வந்தது.

சின்னஞ்சிறு மகள் மேடலின் இறந்துபோனாள். ஒரு கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு அளித்த ஒரே பதிலுக்கு, ஒரு தகப்பன் கொடுத்த விலை அது. வெளியே வந்தவர் மதத்தின் மீது தீராப் பகை கொண்டிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் மனம் போன திசை வேறு.

நாத்திகன் என்ற பெயர் விழுந்ததும் ஒழுக்கமில்லாதவன் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. அதற்குப்பின் பசியைப் பற்றிப் பேசினாலும் காதில் ஏறுவதில்லை. தாங்கள் எதை மறுக்கிறோம் என்பதைவிட எதைச் செய்கிறோம் என்பதைச் சொல்லும் பெயர் வேண்டும் என்று நினைத்தார் ஹோலியோக். அந்தப் பெயருக்கான வேர், அவரைச் சிறைக்கு அனுப்பிய மதத்தின் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மடங்களில் ஒதுங்கி வாழாமல் மக்கள் நடுவே வாழும் பாதிரிமாரை ‘செக்யூலர்’ என்பது கிறிஸ்தவத் திருச்சபையின் பழைய வழக்கம். காலம், தலைமுறை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு 1851இல், தான் நடத்திய ‘ரீசனர்’ இதழில், ஹோலியோக் ஒரு வால் சேர்த்தார். பிறந்தது ‘செக்யூலரிசம்’.

இந்த வாழ்வின் கடமைகளை மனித அறிவையும் அனுபவத்தையும் கொண்டு நடத்துவது என்பதே அவர் தந்த பொருள். செக்யூலரிச இயக்கத்தில் பின்னால் வந்த சார்லஸ் பிராட்லா அது நாத்திகத்தில்தான் போய் முடியும் என்று வாதிட்டார். ஹோலியோக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து வேலை செய்யத்தான் அவர் இந்தச் சொல்லைச் செய்தார். அதை வெறும் கடவுள் மறுப்பாகப் படிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சொல் கப்பலேறியது. 1880களில் சென்னை லௌகிக (செக்யூலர்) சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழே நடத்தினார்கள். 1976இல் 42ஆவது திருத்தம் ‘செக்யூலர்’ என்ற சொல்லை இந்திய அரசமைப்பின் முகப்புரையில் சேர்த்தது.