குதிரை முடியும் கம்பெனிக் கைப்பட்டையும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

கனடாவில் கால்கரி என்ற ஊரில் இருக்கும் என் தங்கை மகள் போன் செய்தாள். அவள் பெண்ணுக்கு 11 வயது, குதிரை ஏற்றம் பழகுகிறாள். ஏறுவதற்கு முன்னால் குதிரையை பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுவதும் அங்கே பிள்ளைகள் வேலைதானாம். "பெரியம்மா, பிரஷ்ஷை வச்சாலே சடசடன்னு சத்தம் வருது. மூக்கைத் தொட்டா பட்டுன்னு ஒரு பொறி. குதிரை தலையை உதறிக்கிட்டுப் பின்னாடி போயிடுது. இவ என்னடான்னா குதிரைக்கு என்னைப் பிடிக்கலைன்னு அழறா. இனிமே போகமாட்டேங்கிறா. நீங்க சயின்ஸ் எடுத்தவங்கதானே, ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

போனில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். ஆனால் இந்த "பட்" சத்தத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அது சுற்றிச் சுற்றி நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரைக்கும் வந்து நிற்கிறது. என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் பல பேருக்கு அதில் பங்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் நிலவரம். சீப்பால் தலையைச் சீவி, துண்டுக் காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காகிதம் துள்ளி ஒட்டும். நிலை மின்சாரம் என்று இந்தச் சோதனையை உங்களுக்கெல்லாம் செய்து காட்டியிருக்கிறேன். ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள், ஐப்பசி கார்த்திகையில் அது சரியாக நடந்ததே இல்லை. எத்தனை தடவை சீவினாலும் காகிதம் அசையாது. காற்று முழுக்க ஈரம். அதற்குமேல் வகுப்பில் 40 தலையும் தேங்காய் எண்ணெய்த் தலை. எண்ணெய் தடவாத தலை ஒன்று கிடைக்காதா என்று வகுப்பு வகுப்பாகத் தேடியது உண்டு. ஈரமும் எண்ணெயும் இருந்தால் நிலை மின்சாரம் சேராது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

குதிரை நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஒரகடத்துக்குப் பக்கத்து மணிமங்கலத்தில்தான் பல்லவன் நரசிம்மவர்மன் 7ஆம் நூற்றாண்டில் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்தான். காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையைச் சின்னாபின்னமாக்கினார்கள். அதில் மைசூர்க் குதிரைப்படைக்குப் பெரிய பங்கு. நம் சுற்றுவட்டாரத்து மண்ணில் குதிரைக் குளம்பு படாத இடம் குறைவு.

ஆனால் இந்தக் குதிரைகளுக்கு நம் ஊர் ஒத்துக்கொண்டதா என்றால் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, வருஷத்துக்கு 2,000 குதிரைக்குமேல் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். பராமரிக்கத் தெரியவில்லையாம். குதிரைக்கு லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்களை வியாபாரிகளே இங்கே வரவிடுவதில்லையாம், குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம். வியாபாரம் என்றைக்கும் வியாபாரம்தான்! வறண்ட அரபு தேசத்தில் பிறந்த பிராணி, நம் புழுக்கத்தில் தவித்தது. ஆனால் ஒரே ஒரு தொல்லை மட்டும் அதற்கு இங்கே குறைவு. தேய்க்கும்போது பொறி பறக்கிற தொல்லை. கடற்காற்று அதைப் பார்த்துக்கொண்டது.

வறண்ட ஊர்க்காரர்களும் குளிர் ஊர்க்காரர்களும்தான் நிலை மின்சாரத்தை முதலில் கவனித்தார்கள். அம்பர் என்கிற மரப்பிசின் கல்லைத் தேய்த்தால் தூசு தும்பை இழுக்கும் என்பது கிரேக்கர்களுக்கு 2,500 வருஷத்துக்கு முன்பே தெரியும். அம்பருக்கு அவர்கள் பெயர் எலக்ட்ரான். அந்த ஒரு சொல்லில் இருந்துதான் இன்றைக்கு எலக்ட்ரிசிட்டி, எலக்ட்ரானிக்ஸ் எல்லாம். 1600இல் இங்கிலாந்து ராணியின் வைத்தியர் வில்லியம் கில்பர்ட் இதை முறையாக ஆராய்ந்தார். ஈரக்காற்றில் இந்த இழுப்பு குறைந்துபோகிறது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். நம் கார்த்திகை மாதச் சோதனைக்கு அன்றைக்கே பதில் இருக்கிறது பாருங்கள்.

அடுத்து வந்தவர் ஸ்டீபன் கிரே. தொழிலால் சாயக்காரர், பெரிய படிப்பாளி குடும்பம் இல்லை. 1730இல் எட்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைத் துணி காயப்போடும் முடிக்கயிற்றில் படுக்கை வாட்டில் தொங்கவிட்டார். தேய்த்த கண்ணாடிக் குழாயை அவன் காலருகே காட்டினால், அவன் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த மெல்லிய உலோகத் தகடு பறந்து வந்து ஒட்டியது. மின்சாரம் மனித உடம்பு வழியாக ஓடும், முடியும் பட்டும் அதை ஓடவிடாது என்பது அதனால் தெரிந்தது. பையன் பயந்தானா இல்லையா என்று அந்த ஆராய்ச்சியில் எங்கும் இல்லை. ஆசிரியையாக எனக்கு அதுதான் முதலில் தோன்றுகிற கேள்வி.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ராபர்ட் சிம்மர். 1750களில் லண்டன் குளிருக்கு வெள்ளைப் பட்டுக் காலுறை, அதன்மேல் கறுப்புப் பட்டுக் காலுறை என்று இரண்டு போட்டுக்கொள்வார். இரவில் கழற்றி ஒன்றிலிருந்து ஒன்றை உருவினால் சடசடவென்று பொறி. இரண்டு காலுறையும் உள்ளே கால் இருப்பதுபோலத் தனித்தனியே உப்பி நிற்கும். பக்கத்தில் கொண்டுபோனால் ஒன்றையொன்று தாவிப் பிடிக்கும். இதை 1759இல் ராயல் சொசைட்டிக்கே கட்டுரையாக எழுதினார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்ற கருத்துக்கு அந்தக் காலுறைகள் நல்ல பலம் கொடுத்தன.

கால்கரிக் குதிரைக்கும் சிம்மர் காலுறைக்கும் ஒரே கதைதான். குளிர்காற்று ஈரத்தைத் தாங்காது, அதைச் சூடேற்றினால் இன்னும் வறண்டுபோகும். குதிரை மேல் போர்த்திய நைலான் போர்வையைச் சரக்கென்று உருவினாலோ, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் வேகமாகத் தேய்த்தாலோ முடியில் மின்னூட்டம் ஏறுகிறது. முடி அதை ஓடவிடாது என்று கிரே கயிற்றிலேயே பார்த்தோம். பிள்ளை காலில் ரப்பர் பூட்ஸ், தரையில் ரப்பர் விரிப்பு. ஏறியது இறங்க வழியே இல்லை. விரல் நுனி குதிரையின் ஈர மூக்கருகே போனதும் அங்கே பாய்ந்துவிடுகிறது. குதிரைக்கு மூக்கும் உதடும் மிக மென்மையான இடம். அதற்கு விஞ்ஞானம் தெரியாது. இந்தக் கை வந்தால் வலிக்கும் என்று மட்டும் நினைவு வைத்துக்கொள்ளும். குழந்தைக்கும் விஞ்ஞானம் தெரியாது, என்னை வெறுக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான். பிளாஸ்டிக் பிரஷ் வேண்டாம், இயற்கை முடி வைத்தது வாங்கு. அதில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள், அல்லது ஈரத்துணியால் முதலில் துடை. போர்வையை இழுக்காதே, மடித்து மடித்துத் தூக்கு. தொடும் முன்னால் இரும்புக் கம்பியை ஒருதரம் தொட்டுவிடு. மூக்கில் விரலை வைக்காதே, முதலில் தோள்பட்டையில் உள்ளங்கை முழுவதையும் பதி. கையை எடுக்காமலே அடுத்த கையால் தேய். அடிக்கடி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டாதே, தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை போய்விடும், நம் தேங்காய் எண்ணெய்க் கதைதான். இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. பழைய குதிரைப்படைகளில் வைக்கோலைப் புரியாக முறுக்கி, லேசாக நனைத்து, அதால்தான் தேய்ப்பார்கள். ரத்த ஓட்டத்துக்கு என்று செய்தார்கள், இதற்கும் உதவியது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஈரக்காற்று காப்பாற்றிக்கொண்டிருந்த நம் பூமிக்கு நிலை மின்சாரம் எப்படி வந்தது? ஏ.சி. வழியாக வந்தது. ஏ.சி. காற்றைக் குளிர வைக்கும்போதே ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் வேறு சிலர் இதை ஏற்கெனவே அறிந்தவர்கள்தான். கோவை மில்களில் நூல் அறுந்து பறக்காமலிருக்கக் காற்றில் நீர்த்துளி தெளிப்பார்கள். சிவகாசியில் மருந்து அறைக்குள் நுழையும் முன்னால் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும், நைலான் துணி கூடாது, பருத்திதான். அங்கே ஒரு பொறி என்றால் உயிர்.

நம் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் தொழிற்சாலை வந்தது. அதுவரை எட்டாவது, பத்தாவது, பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டோடு இருந்த பெண்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். அவர்கள் வந்து சொன்ன முதல் ஆச்சரியமே இந்தக் கைப்பட்டைதான். "டீச்சர், கையில ஒரு பட்டை மாட்டி, அதுல இருந்து ஒயரை டேபிள்ல சொருகிடணும். கட்டிப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. கரித்தன்மையுள்ள இழை கட்டம் கட்டமாக ஓடும் கோட்டு, குதிகாலில் ஒரு பட்டி, வாசலில் ஒரு சோதனைப் பெட்டி. தகட்டில் நின்று பொத்தானை அமுக்கிப் பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே.

ஏன் இத்தனை கெடுபிடி? மனிதருக்கு அந்த "பட்" உறைக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். வோல்ட் பெரிதாகத் தெரிந்தாலும் மின்னூட்டத்தின் அளவு சொற்பம் என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் போனுக்குள் இருக்கும் சிப்புகளில் சில 100 வோல்ட்டுக்குக் கீழேயே கெட்டுப்போகும். தொட்டவளுக்குத் தெரியவே தெரியாது. அதைவிட மோசம், சில சிப்புகள் பாதி கெட்டு, சோதனையில் தேறி, வாங்கியவர் கையில் சில மாதம் கழித்துச் சாகும்.

அந்தக் கைப்பட்டை சிப்பைக் காப்பாற்றத்தான். ஆனால் அந்த ஒயருக்குள் ஒரு 10 லட்சம் ஓம் மின்தடை வைத்திருப்பார்கள். அது ஒன்று மட்டும் மனுஷிக்காக. தவறிப்போய் வீட்டு மின்சாரம் போன்ற 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டால், உடம்பு வழியாக ஓடுவது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓமின் விதிதான். மின்னூட்டம் இறங்கிப் போகவும் வேண்டும், ஆளும் பிழைக்கவேண்டும். இந்தச் சின்ன மின்தடையை வைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கைப்பட்டை போட்ட பெண்களுக்கு வேலை பத்திரமாக இருக்கவும் இப்படி எதையாவது யோசித்திருக்கலாமே என்றும் தோன்றும். வரித் தகராறும் கம்பெனி கைமாறியதும் சேர்ந்து 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். அத்தனை நுணுக்கமாகப் படிந்த பழக்கம், துணிக்கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் யாருக்குத் தேவை?

ஒரகடத்துக் கார்ப் பக்கம் இதே நிலை மின்சாரம் வேறு முகம் காட்டுகிறது. பெயிண்ட் அடிக்கும் பகுதிகளில், பெயிண்ட் துளிக்கு மின்னூட்டம் கொடுத்துவிட்டால் அது பறந்துபோய் வண்டி உடம்பில் தானாக ஒட்டும். உலகத்தில் பல கார் தொழிற்சாலைகளில் பெயிண்ட் அடிக்கும் முன் தூசு துடைப்பது நெருப்புக்கோழி இறகால். தூசை இறகே இழுத்துக்கொள்ளும். கிரேக்கன் அம்பரில் பார்த்தது.

போன் கம்பெனிகள் மறுபடி வந்துவிட்டன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகவே 18,720 பேர் தங்கும் விடுதி 2024இல் திறந்தார்கள். இப்போது அங்கே போகிறவர்களில் சிலர் என் மாணவிகளின் பெண்கள். அதில் ஒருத்தி சொன்னாள், தோல் வறண்டிருந்தால் வாசலில் சிவப்பு விளக்கு எரியுமாம். குழாயில் மணிக்கட்டை நனைத்துக்கொண்டு வந்து மறுபடி பொத்தானை அமுக்கினால் பச்சையாம். லைனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது எழுதுங்கள், இந்தச் சிவப்பு விளக்கு எந்த மாதத்தில் அதிகம் எரிகிறது?