பெட்டியில் சேர்ந்த 600 டாலர்

இசைத்தட்டு நிறுவனம் என்றதும் பெரிய கட்டடமும் பெரும் முதலீடும்தான் நம் நினைவுக்கு வரும். இவை எதுவுமில்லாமல் இளைஞர்கள் தொடங்கிய நிறுவனம் ஒன்று 40 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

1979இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 'டீன் ஐடல்ஸ்' என்ற பங்க் ராக் குழு உருவானது. நால்வரும் பதின்ம வயதினர். மேடைகளில் வாசித்துக் கிடைத்த பணத்தைச் செலவழிக்காமல் ஒரு பெட்டியில் போட்டு வைத்தார்கள். 1980 இறுதியில் குழு கலைந்தபோது அதில் ஏறத்தாழ 600 டாலர் இருந்தது. ஆளுக்கு 150 டாலர் என்று பங்கு போட்டிருக்கலாம். போட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

அவர்களோ அந்தப் பணத்தில் தங்கள் எட்டுப் பாடல்களை இசைத்தட்டாக 1,000 பிரதிகள் வெளியிட்டார்கள். உறைகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டியதும் அவர்களேதான். இதற்காகப் பிறந்ததே 'டிஸ்கார்ட்' நிறுவனம். குழுவிலிருந்த இயன் மெக்கையும் ஜெஃப் நெல்சனும் அதை நடத்தினார்கள். தட்டு விற்று வந்த பணம், அடுத்த நண்பர் குழுவின் தட்டுக்கு முதலானது. 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

டிஸ்கார்ட் இரண்டு கொள்கைகளை வைத்துக்கொண்டது. ஒன்று, வாஷிங்டன் வட்டாரக் குழுக்களுக்கு மட்டுமே தட்டு வெளியிடுவது. மற்றொன்று, யாரிடமும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் இலாபத்தைப் பகிர்ந்துகொள்வது.

ஒப்பந்தம் இல்லாமல் தொழில் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1990களில் 'ஜாபாக்ஸ்', 'ஷடர் டு திங்க்' ஆகிய குழுக்கள் பெரிய நிறுவனங்களுக்குப் போயின. தடுத்து நிறுத்த டிஸ்கார்டிடம் எந்தக் காகிதமும் இல்லை. கலைஞன் நாளைக்கே போய்விடலாம் என்ற நிலை இருந்தால்தான் முதலாளி இன்று நேர்மையாக நடப்பார்.

மெக்கை 1987 முதல் வாசித்த 'ஃபுகாசி' குழு போகவில்லை. புகழ் ஏறிய பிறகும் பல ஆண்டுகள் 5 டாலர் அளவிலேயே நுழைவுச்சீட்டு விற்றது. எல்லா வயதினரும் வரலாம் என்றது. பெரிய விளம்பரம் இல்லாமலேயே அதன் 1993ஆம் ஆண்டு ஆல்பம் பில்போர்டு பட்டியலில் இடம்பிடித்தது. 2002இல் குழு மேடையேறுவதை நிறுத்தியது. ஆயினும் பதிவு செய்து வைத்திருந்த 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை, 2011 முதல் இணையம் வழி வெளியிடத் தொடங்கியது.

ஒரு நகரத்து இளைஞர்களின் குரல் இவ்வாறு காப்பாற்றப்பட்டது. பெரிய நிறுவனங்கள் விற்பனை குறைந்தால் ஒரு தட்டை மறந்துவிடும். தன் ஊர்ப் பிள்ளைகளின் பாட்டை மறக்காமல் வைத்திருக்க, அந்த ஊரிலேயே ஒருவர் வேண்டும். பெட்டிப் பணத்தைப் பங்கு போடாத மனமும் வேண்டும்.